அம்புக்குறியில் போன மதிப்பெண்

செவிலியர் பட்டயப் படிப்பில் மகப்பேறு பாடம்தான் எல்லோரையும் மிரட்டும். என்னை மிரட்டவில்லை, சிக்கலே அங்கேதான் தொடங்கியது. தாரமங்கலம் பக்கத்துக் கிராமத்தில் மாடு கன்று போடுவதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்குத் தெரியாததா என்ற மிதப்பு இருந்தது. மாதிரித் தேர்வில் ‘நஞ்சுக்கொடியின் அமைப்பும் பணிகளும்’ என்று நெடுவினா வந்தது. நஞ்சுக்கொடி என்பது கருப்பைச் சுவரில் ஒட்டியிருக்கும் உறுப்பு, அதைக் குழந்தையோடு இணைப்பது தொப்புள்கொடி. நான்கு பக்கம் எழுதி, வண்ணப் பென்சிலால் படமும் போட்டுவிட்டு நிம்மதியாக எழுந்து வந்தேன். தாள் திரும்பியபோது பத்துக்கு மூன்று. படத்தின் மேல் பெரிய கேள்விக்குறி. ‘தாயின் இரத்தம் தொப்புள்கொடி வழியாகக் குழந்தைக்குச் செல்கிறது’ என்ற வரியின் கீழ் இரண்டு கோடு.

அந்த இரண்டு கோட்டின் பொருள் விளங்க எனக்கு ஒரு மாதம் ஆனது. இப்போது சேலத்தில் பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். பயிற்சிக்கு வரும் பிள்ளைகளும் அதே வரியை, நான் எழுதிய அதே நம்பிக்கையோடு சொல்கிறார்கள். என் மூன்று மதிப்பெண் அவர்களுக்காவது பயன்படட்டும்.

என் மரமண்டையில் அதை ஏற்றியது புத்தகம் இல்லை, ஒரு கைக்கடிகாரம். பயிற்சியின்போது ஒரு நாள் விடியற்காலையில் பிரசவம். குழந்தை அழுதுவிட்டது, தாயின் வயிற்றின் மேல் துணி போர்த்திப் படுத்திருக்கிறது. தொப்புள்கொடியை இன்னும் இடுக்கி போட்டுக் கவ்வவில்லை. குறைந்தது ஒரு நிமிடமாவது காத்திருந்து கவ்வ வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். அந்த இடைவெளியில் நஞ்சுக்கொடியில் மிச்சமிருக்கும் இரத்தம் குழந்தைக்குப் போய்ச் சேர்கிறது. மூத்த சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். “கொடியில் விரலை வை. நாடி தெரிகிறதா? எண்ணு.” பதினைந்து விநாடியில் முப்பத்தைந்து. அப்படியென்றால் நிமிடத்துக்கு 140. “இப்போது அந்த அம்மாவின் மணிக்கட்டைப் பிடி.” எண்பத்தெட்டு. சிஸ்டர் வேறு எதுவும் சொல்லவில்லை, கையுறையை மாற்றப் போய்விட்டார்.

கொடிக்குள் ஓடுவது தாயின் இரத்தமாக இருந்தால் இரண்டு நாடியும் ஒன்றாகத்தானே இருக்க வேண்டும்? கொடியில் துடிப்பது குழந்தையின் இதயம். கொடிக்குள் இருப்பது முழுக்க முழுக்கக் குழந்தையின் இரத்தம். அது நஞ்சுக்கொடிவரை போய், வேண்டியதை வாங்கிக்கொண்டு, வேண்டாததைக் கொடுத்துவிட்டுத் திரும்புகிறது. தாயின் இரத்தம் கொடிக்குள் நுழைவதே இல்லை.

அப்படியானால் இரண்டும் எங்கே சந்திக்கின்றன? எங்கள் ஊர் ஏரிக்கரை ஆலமரத்தை வைத்துத்தான் நான் இதைப் பிடித்துக்கொண்டேன். விழுதுகள் நீருக்குள் இறங்கித் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். விழுது குழந்தையுடையது, அதற்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் இருக்கின்றன. சுற்றி நிற்கும் நீர்தான் தாயின் இரத்தம். கருப்பைச் சுவரின் தமனிகள் அதை அங்கே பீய்ச்சுகின்றன. அந்தக் குளத்தின் கொள்ளளவு ஏறத்தாழ 150 மில்லிலிட்டர், ஒரு டம்ளர் அளவுதான். ஆனால் நிறைமாதத்தில் நிமிடத்துக்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் வந்து போவதால் குளம் நிமிடத்துக்கு மூன்று நான்கு முறை புதிதாகிறது. விரல்போன்ற அந்த நீட்சிகள் எல்லாவற்றையும் விரித்துப் பரப்பினால் பத்துச் சதுர மீட்டருக்கு மேல் வரும். நடுவே மெல்லிய தடுப்பு ஒன்று உண்டு. ஆக்சிஜன் அதன் வழியே தானாக ஊடுருவும். குளுக்கோஸுக்குத் தூக்கிவிட ஆள் வேண்டும், அந்த ஆள் கடத்திப் புரதம். அமினோ அமிலங்களை ஆற்றல் செலவழித்து இழுக்க வேண்டும். இந்த மூன்று வகையையும் பிரித்து எழுதினாலே விடை தேறிவிடும்.

இனி படம். நான் தமனிக்குச் சிவப்பும் சிரைக்கு நீலமும் அடித்திருந்தேன், பத்தாம் வகுப்பிலிருந்து வந்த பழக்கம். தொப்புள்கொடியில் இது தலைகீழ். ‘தலைகீழ்’ என்று மனப்பாடம் செய்யாதீர்கள். தேர்வறைப் பதற்றத்தில் எது தலைகீழ் என்பதும் தலைகீழாகிவிடும். எப்போதும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: யாருடைய இதயம்? இதயத்திலிருந்து வெளியே போவது தமனி, இதயத்துக்குத் திரும்பி வருவது சிரை. இங்கே இதயம் குழந்தையுடையது. குழந்தையிடமிருந்து கழிவும் கார்பன் டை ஆக்சைடும் சுமந்து நஞ்சுக்கொடிக்குப் போகும் இரண்டும் தமனிகள், நீலம். ஆக்சிஜன் ஏற்றிக்கொண்டு திரும்புவது ஒரே ஒரு சிரை, சிவப்பு. முதலில் அம்புக்குறியைப் போடுங்கள், பிறகு பென்சிலை எடுங்கள். நான் வண்ணத்தில் தொடங்கியதால்தான் அம்பு தப்பியது.

‘சிவப்பு’ என்று எழுதியதும் அதில் ஆக்சிஜன் நிரம்பி வழிகிறது என்று நினைத்துவிடக் கூடாது. பெரியவர்களின் தமனி இரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் (மில்லிமீட்டர் பாதரசக் கணக்கில்) நூறை ஒட்டி இருக்கும். தொப்புள் சிரையில் அது சுமார் முப்பதுதான். நாமெல்லாம் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி ஏற்காடு போனால் காது அடைக்கும், அவ்வளவுதான். கருவிலிருக்கும் குழந்தையோ எவரெஸ்ட் உச்சிக்குப் பக்கத்தில் நிற்பவரின் இரத்த நிலையில் ஒன்பது மாதம் இருந்து, வளரவும் செய்கிறது. எப்படி? அதன் ஹீமோகுளோபின் வேறு வகை. குறைந்த அழுத்தத்திலும் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொள்ளும். அதனால் முப்பதிலேயே ஏறத்தாழ எண்பது விழுக்காடு நிரம்பிவிடுகிறது. ‘கருவின் ஹீமோகுளோபின்’ என்று குறுவினா வந்தால் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். வாய்மொழித் தேர்வில் எவரெஸ்டைச் சொல்லுங்கள், தேர்வாளர் நிமிர்ந்து உட்காருவார்.

ஹார்மோன்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை, எந்த வழிகாட்டி நூலிலும் பட்டியல் இருக்கிறது. ஒன்றை மட்டும் விடாதீர்கள். கர்ப்பத்தைத் தாங்கும் புரோஜெஸ்ட்ரானை முதலில் தருவது சூலகத்திலுள்ள மஞ்சள் உடலம். எட்டு, பத்து வாரம் ஆகும்போது நஞ்சுக்கொடி அந்தப் பொறுப்பை எடுத்துக்கொள்கிறது. கேள்வி எப்போதும் இந்தக் கைமாற்றத்தில்தான் விழும்.

செய்முறைத் தேர்வுக்கு வருகிறேன். தட்டில் நஞ்சுக்கொடியை வைத்து ‘பரிசோதித்துக் காட்டு’ என்பார்கள். சுமார் அரைக் கிலோ எடை, குழந்தையின் எடையில் ஆறில் ஒரு பங்கு. வட்டத் தட்டுபோல் இருக்கும். முதலில் தொப்புள்கொடியைப் பிடித்துத் தூக்குங்கள். சவ்வு குடைத்துணிபோல் தொங்கும். உள்ளே கையை விட்டு விரித்துப் பாருங்கள். குழந்தை வந்த ஓட்டை ஒன்றுதான் இருக்க வேண்டும், ஓரம் கிழிந்து தொங்கக் கூடாது. பிறகு தாய்ப்பக்கம் மேலே இருக்கும்படி படுக்கப் போட்டு, இரத்தக்கட்டிகளைத் துடைத்துவிட்டு, இரு கைகளையும் குவித்து ஏந்துங்கள். பதினைந்து இருபது மடல்கள் ஒன்றோடொன்று இடைவெளியில்லாமல் பொருந்த வேண்டும். எங்கேயாவது பள்ளம் தெரிந்தால் அந்தத் துண்டு இன்னும் கருப்பைக்குள் இருக்கிறது என்று பொருள். கருப்பை முழுதாகச் சுருங்காது, அந்தத் தாய்க்கு இரத்தப்போக்கு வரும். தேர்வில் பலர் மடலை ‘ஒன்று, இரண்டு’ என்று எண்ணிக்கொண்டிருப்பார்கள். எண்ணிக்கை ஆளுக்கு ஆள் மாறும். பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

கடைசியாகக் கொடியின் வெட்டுமுனையைத் துடைத்துப் பாருங்கள். அகலமாகத் தளர்ந்து கிடப்பது சிரை. தடித்த சுவரோடு சின்னப் புள்ளிகளாக நிற்பவை இரண்டு தமனிகள். ஒரே தமனி இருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும், குழந்தையின் இதயத்திலோ சிறுநீரகத்திலோ குறை இருக்க வாய்ப்புண்டு. மூன்றையும் சூழ்ந்து வெண்மையாக வழுக்கும் கூழ் இருக்கிறதே, ஜவ்வரிசியை வேகவைத்து ஆறவிட்டால் எப்படிக் கெட்டியாகுமோ அப்படி இருக்கும். சேலத்துக்காரர்களுக்கு அதைவிட விளக்கம் வேண்டியதில்லை. பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய உடற்கூறியலாளர் தாமஸ் வார்ட்டன் பெயரால் அதை வார்ட்டன் கூழ் என்கிறோம். குழந்தை புரண்டு படுத்து, கொடி முறுக்கினாலும் மடங்கினாலும் குழாய்கள் நசுங்காமல் காப்பது அதுதான்.

எங்கள் வீட்டு மாட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் அரைகுறையாகத் தெரிந்த அந்த அறிவே பின்னால் கைகொடுத்தது. மாடு கன்று போட்டால் அம்மாயி இரவெல்லாம் தொழுவத்தில் உட்கார்ந்திருப்பார், ‘நஞ்சு’ விழும்வரை நகரமாட்டார். விழுந்ததும் வைக்கோலில் சுற்றி, கோணியில் கட்டி, ஏரிக்கரை ஆலமரத்தில் தொங்கவிடச் சொல்வார். பால் வடியும் மரத்தில் கட்டினால் மாட்டுக்குப் பால் பெருகும் என்பது நம்பிக்கை. நாய் இழுக்காது என்பது என் கணிப்பு. மாட்டின் நஞ்சு ஒரே தட்டாக இருக்காது. சவ்வு முழுக்கச் சிவப்புப் பொத்தான் தைத்ததுபோல் இருக்கும். அது விழப் பன்னிரண்டு மணி நேரம் வரை பொறுக்கலாம். மனிதரில் அரை மணி நேரம் தாண்டினாலே அவசரம். இந்த இரண்டு கணக்கையும் குழப்பி ஒரு முறை வகுப்பில் நான் வாங்கிக்கட்டிக்கொண்டது தனிக்கதை.

ஆனால் பாருங்கள், அம்மாயி கன்றுக்கு முதல் வேலையாகச் சீம்பால் ஊட்டுவார். ‘நேரம் போனால் கன்று தங்காது’ என்பார். மாட்டின் நஞ்சுக்கொடித் தடுப்பு அடுக்கடுக்கானது. தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் அதைத் தாண்டிக் கன்றுக்குப் போவதில்லை. கன்று அதையெல்லாம் முதல் சில மணி நேரச் சீம்பாலில்தான் பெற வேண்டும். மனிதத் தடுப்பு மெல்லியது. ஐ.ஜி.ஜி. (IgG) வகை நோய் எதிர்ப்புப் புரதம் தாண்டிப் போகும், பெரும்பகுதி கடைசி மூன்று மாதத்தில். அதனால்தான் கர்ப்பிணிக்கு டெட்டனஸ் தடுப்பூசி போட்டால் பிறக்கும் குழந்தைக்கும் காப்பு கிடைக்கிறது. குறைமாதக் குழந்தைக்கு அந்தக் கையிருப்பு குறைவு. தாயின் இரத்த வகை ஆர்எச் நெகட்டிவ், குழந்தையுடையது பாசிட்டிவ் என்றால் அதே ஐ.ஜி.ஜி. எதிரியாகிவிடலாம், குழந்தையின் சிவப்பணுக்களை உடைக்கும். என் இறுதி வாய்மொழித் தேர்வில், “நஞ்சுக்கொடித் தடுப்பு முழுத் தடுப்பா?” என்றுதான் கேட்டார்கள். மாட்டிலிருந்து தொடங்கினேன். வெளித்தேர்வாளர் சிரித்துவிட்டு, “மருந்துகளைச் சொல்” என்றார். இரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளில் ஹெப்பாரின் தாண்டாது, வார்ஃபரின் தாண்டும். இன்சுலின் தாண்டாது, ஆனால் குளுக்கோஸ் தாண்டும். அதனால் சர்க்கரை நோயுள்ள தாயின் குழந்தை தானே இன்சுலின் சுரந்து பெருத்துப் பிறக்கும். மது, நிகோட்டின், ருபெல்லா வைரஸ் எல்லாம் தாண்டும். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை.

தொப்புள் பராமரிப்பு நிச்சயம் ஒரு குறுவினா. விடை சின்னது: சுத்தமாகவும் உலர்வாகவும் விட்டுவிடுங்கள், மஞ்சள், சாம்பல், எண்ணெய் எதுவும் வேண்டாம். ஒன்றிரண்டு வாரத்தில் தானாக விழும், பிடித்து இழுக்கக் கூடாது. வார்டில் இதைச் சொல்லி முடித்ததும் வாரத்துக்கு ஒரு பாட்டியாவது என்னைத் தனியே அழைத்து, விழுந்த கொடியை வெள்ளித் தாயத்தில் அடைத்துப் பேரனுக்குக் கட்டலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊர், தாயத்துக்கா பஞ்சம்? தானாக விழுந்த பிறகு என்றால் தாராளமாகக் கட்டுங்கள் என்பேன்.