போக்கு வரவு

"போக்கு வரவுன்னா பஸ்ஸா, அண்ணே?"

இன்று ஆராதனை முடிந்து வேதபாட வகுப்பில் ஒரு பொடியன் இப்படிக் கேட்க, எல்லாரும் சிரித்துவிட்டோம். கிபியோன் என்ற ஊரில் இளம் ராஜா சாலொமோன் கடவுளிடம், 'போக்கு வரவு அறியாத சிறுபிள்ளையாயிருக்கிறேன்' என்று சொல்லும் இடம். 1 இராஜாக்கள் 3:7.

சிரிக்காதவர் கடைசி பெஞ்சுத் தாத்தா மட்டும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். பென்சில் முனையை நாக்கில் தொட்டு, அந்தக் கேள்வியை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டார்.

"எனக்கும் சரியாத் தெரியலப்பா. பார்த்துச் சொல்றேன்."

என்னிடம் விளக்கம் தயாராக இருந்தது. ஏனோ சொல்ல வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஒன்பதாம் வசனத்தைப் புரட்டினேன். சாலொமோன் கடவுளிடம் வேண்டுவது, நம் வேதாகமத்தில் 'ஞானமுள்ள இருதயம்'. மூலமான எபிரேயத்தில் அது 'செவிகொடுத்துக் கேட்கிற இருதயம்'.

சரி, சாயங்காலம் தாத்தாவுக்குப் போன் போட வேண்டும். பஸ்ஸா, இல்லையா?