மாத்திரைக்கு அடங்காத எதுக்களிப்பு

சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பு பான்டோபிரசோல் போட்டுக்கொள்வேன், நெஞ்செரிச்சல் அடங்கிவிடும். எதுக்களிப்பு மட்டும் அடங்கவே இல்லை. குனிந்து செருப்பு மாட்டினால் போதும், உண்டது தொண்டைவரை வந்துவிடும். இரவில் புரை ஏறி, இருமிக்கொண்டே எழுந்து உட்காருவேன். இரைப்பையில் அமிலம் சுரப்பதைத்தான் மாத்திரை குறைக்கும். உள்ளே இருப்பது மேலேறுவதை அது தடுக்காது.

காபி, சாக்லேட், பொரித்தவை என்று ஒரு பட்டியலையே விலக்கினேன். பலன் சுமார்தான். எனக்குக் கைகொடுத்தவை வேறு: பாதி வயிற்றுக்குச் சாப்பிடுவது, சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்தே படுப்பது, இடப்பக்கம் ஒருக்களித்துத் தூங்குவது, கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குக் கட்டை கொடுத்து 15 செ.மீ. உயர்த்துவது. தலையணைகளை அடுக்கிப் பார்த்தால் இடுப்பு மடங்கி வயிறுதான் அழுந்துகிறது.

எண்டோஸ்கோபியில் காரணம் தெரிந்தது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் துளை வழியாக இரைப்பையின் மேல்பகுதி மார்புக்குள் ஏறியிருந்தது. ஹயாடல் ஹெர்னியா என்கிறார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் மேலும் இரண்டு பரிசோதனைகள். ஒன்று, அமிலம் எவ்வளவு மேலேறுகிறது என்று அளப்பது. மூக்கு வழியாக மெல்லிய குழாயை இறக்கி, கன்னத்தில் பிளாஸ்திரி ஒட்டி, இடுப்பில் ஒரு கருவியுடன் 24 மணி நேரத்துக்கு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். உண்ணும்போதும் படுக்கும்போதும் எரியும்போதும் அதன் பொத்தானை அழுத்த வேண்டும். எச்சில் விழுங்கும்போதெல்லாம் குழாய் உறுத்தும். மற்றொன்று மானோமெட்ரி, உணவுக்குழாயின் தசை வலுவை அளப்பது. எரிச்சலூட்டும் சோதனைகள்தான், ஆனாலும் இவற்றைத் தட்டிக்கழிக்க வேண்டாம். என் அறுவை சிகிச்சையின் வகையையே மானோமெட்ரிதான் முடிவுசெய்தது.

இரைப்பையின் மேல்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதியில் மஃப்ளர் போலச் சுற்றித் தைப்பதுதான் சிகிச்சை. அறுவை மருத்துவர் ருடால்ஃப் நிஸ்ஸன் 1956இல் வெளியிட்ட முறையில் அது முழுச் சுற்று. என் உணவுக்குழாயின் தசை சற்றே தளர்ந்திருந்ததால், விழுங்கச் சிரமம் வரக்கூடாதென்று 270 பாகை மட்டும் சுற்றும் டூபே முறையைத் தேர்ந்தார்கள். ஹெர்னியாவையும் கீழே இறக்கி, துளையைத் தைத்துச் சிறிதாக்கினார்கள். எல்லாம் சிறு துளைகள் வழியே செய்யும் லேப்ராஸ்கோப்பியில்.

கண்விழித்தபோது வயிற்றைவிடத் தோள்தான் அதிகம் வலித்தது. வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. நடக்க நடக்கக் குறைந்தது. முதலில் நீராகாரம், பிறகு கூழ்ப் பதம். ரொட்டியை மட்டும் நெடுநாள் தொடவிடவில்லை, உமிழ்நீரில் உப்பி அடைத்துக்கொள்ளுமாம். உடம்பும் இளைத்தது.

இப்போது மாத்திரை இல்லை. தாராளமாகக் குனிகிறேன். ஏப்பம்தான் முன்போல் வருவதில்லை. அந்தக் காற்றெல்லாம் வேறு வழியாக, கொஞ்சம் சத்தத்துடன் வெளியேறுகிறது. சம்மதக் கையெழுத்துப் போடுமுன் இதைப் பற்றி மருத்துவரிடம் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.