காற்றாடிமலைக்கு அப்பாவைக் கூட்டிப்போனோம்

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த இரவு ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றபடியே அம்மா நேர்ந்துகொண்டார். "தேவசகாயம் பிள்ளையே, இவரு எழும்பி நடந்தா, காற்றாடிமலைக்கு நடத்தியே கூட்டிட்டு வாறேன்." கிறிஸ்தவரானதற்காகச் சங்கிலியில் பூட்டி இழுத்து, ஆரல்வாய்மொழி பக்கத்துக் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்ட புனிதர் அவர்.

அப்பா எழும்பவில்லை. கொத்தனார் கரண்டி பிடித்த வலது கை மடியில் கிடக்கிறது. பேச்சும் ஒன்றிரண்டு சொல்லோடு நின்றுபோனது. அம்மா சொல்லாத செபமாலை இல்லை. கேட்ட வரம் தரும் கோட்டாறு சவேரியாருக்கு உப்பும் நல்லமிளகும் கொண்டுபோய் வைத்து, தேருக்குப் பின்னால் கும்பிடு நமஸ்காரமும் போட்டுப் பார்த்தார். கால் வரவில்லை.

திடீரென்று இந்தப் பொங்கலுக்கு முன்னால், "சக்கர நாற்காலில வச்சுக் கூட்டிட்டுப் போவோம் மக்களே" என்றார். நடந்தால்தானே கூட்டி வருவதாக நேர்ச்சை என்று கேட்டேன். "அது நான் சொன்னது. அவரு நெனச்சிருக்கது வேறயா இருக்கும்லா" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை.

முதலில் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம். முட்டிடிச்சான் பாறையில் தண்ணீர் எடுத்து அப்பாவின் கையிலும் காலிலும் அம்மா தடவினார். சங்கிலியோடு இழுத்து வரப்பட்ட தேவசகாயம் தாகம் தாங்காமல் கை முட்டால் இடித்தபோது சுரந்த தண்ணீர். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. உள்ளேதான் டிலனாயின் கல்லறை இருக்கிறது. அங்கே போக நேரமில்லை. ஆனால் வண்டி கோட்டையைத் தாண்டியபோது என் மனம் அந்த மனிதரிடமே நின்றுவிட்டது.

டச்சுக்காரர்களின் படையை நடத்தி வந்தவர் அவர். 1741-இல் குளச்சலில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்டவர்மாவிடம் தோற்றுக் கைதியானார். ஊர் போய்ச் சேர முடியாத வாழ்க்கை. பிறகு அதே ராஜாவின் படைக்குப் பயிற்சி கொடுக்கும் வேலை. அங்கேதான் அரண்மனை அதிகாரி நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். நட்டாலத்தில் பிறந்த நீலகண்டருக்கு அப்போது வீட்டில் அடிமேல் அடி. மாடுகள் சாகின்றன, சொத்து கரைகிறது, மனம் ஒடிந்து கிடக்கிறார். டிலனாய் அவருக்கு பைபிளில் வரும் யோபுவின் கதையைச் சொன்னார். எல்லாம் இழந்த பிறகும், "ஆண்டவர் அளித்தார், ஆண்டவர் எடுத்துக்கொண்டார். ஆண்டவரது பெயர் போற்றப்பெறுக!" என்ற யோபுவின் கதை. அதைச் சொல்லத் தானும் எல்லாம் இழந்தவனைவிடத் தகுதியான வாய் வேறு ஏது? குளச்சலில் டிலனாய் ஜெயித்திருந்தால் நீலகண்டர் யாரிடம் போய் ஆறுதல் கேட்டிருப்பார்? 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்று, தேவசகாயம் ஆனார். தோற்றவனின் சிறைவாசத்தை ஆண்டவர் எங்கே கொண்டுவந்து சேர்த்தார் என்று பாருங்கள். அப்பா விழுந்ததிலிருந்து என்னைத் தாங்குவது இதுதான்.

ஆரல்வாய்மொழி நெருங்கும்போதே வண்டிகள் வரிசைகட்டி நின்றன. ஜனவரி 14, தேவசகாயம் உயிர் கொடுத்த நாள். சாலையோரம் ஒருவன் கயிறு கட்டி மறித்து, சீட்டு ஒன்றும் தராமல் வண்டி நிறுத்தப் பணம் கேட்டான். நோயாளி இருக்கிறார், கொஞ்சம் உள்ளே விடுங்கள் என்று கெஞ்சினேன். அதற்குத் தனியாக ஐம்பது ரூபாய் என்றான். மெழுகுதிரி விற்கிறவர்களோ நாற்காலியை நகரவே விடவில்லை. அப்பாவின் மடியிலேயே கட்டுக்கட்டாகப் போட்டுவிட்டுக் காசுக்குக் கை நீட்டினார்கள். ஒரு புனிதரின் வாசலில் இப்படி நடப்பது எனக்குப் பொறுக்கவில்லை. அம்மா மட்டும் வாய்க்குள் செபமாலை சொல்லிக்கொண்டே வந்தார்.

வியாகுல அன்னை ஆலயத்தில் திருப்பலி கண்டோம். அப்பாவுக்குச் சாமியார் கீழே இறங்கி வந்து நற்கருணை கொடுத்தார்.

மலைக்கு ஏறுகிற இடத்தில்தான் திகைத்துப்போனோம். நாற்காலி போகாது, அப்பாவைத் தூக்க என்னாலும் அம்மாவாலும் முடியாது. காற்று வேறு சேலையைப் பிய்த்துக்கொண்டு அடித்தது. கீழே நின்றே கும்பிட்டுவிட்டுப் போகலாம் என்று அம்மாவே சொல்லிவிட்டார். அப்போது, கேட்காமலே, கடற்கரை ஊர்ப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். "வலிய அப்பச்சன புடிலே" என்றான் ஒருவன். நாற்காலியோடு தூக்கிவிட்டார்கள். மூச்சு வாங்க வாங்க, ஒரு குலுக்கல் இல்லாமல் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

முழங்கால் பதிந்த பாறை. 1752-இல் சுட்டுக் கொல்லக் கொண்டுவந்தபோது, செபிக்கக் கொஞ்சம் நேரம் மட்டும் கேட்டு அவர் முழந்தாளிட்ட இடம். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராய் அவமானப்படுத்தினார்கள். அடித்த புண்ணில் காரப்பொடி தேய்த்தார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள்; கட்டுண்டு கிடந்தவரிடமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று சனங்கள் வந்தார்கள். இத்தனைக்கும் பிறகு அவர் கேட்டது செபிக்க நேரம்.

பையன்கள் அப்பாவைப் பாறையோரம் இறக்கி உட்கார்த்தினார்கள். அப்பா இடது கையை நீட்டினார். பூச்சு வேலை முடிந்ததும் சுவரை உள்ளங்கையால் தடவி மேடு பள்ளம் பார்ப்பாரே, அப்படியே அந்தப் பதிவுகளைத் தடவினார். மெதுவாக, ஓரம் ஓரமாக, திரும்பத் திரும்ப. பின்னால் நின்றவர்கள், "சீக்கிரம் எழும்புங்க" என்று சத்தம் போட்டார்கள். செல்பி எடுக்கிறவர்கள் எங்கள் தலைக்கு மேல் கை நீட்டினார்கள். அப்பா எதையும் காதில் வாங்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு கவனத்தை நான் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது!

அம்மா பக்கத்தில் முழந்தாளிட்டு, வீட்டில் பேசுகிற மாதிரியே புனிதரிடம் பேசினார். "ஓமக்கும் விலங்கு அவுந்திருக்கணும்னு வீட்ல பாவம் ஞானப்பூ கெடந்து அழுதிருப்பா. அவுக்கல்ல. ஆனா கடவுள் ஒம்ம விட்டுட்டுப் போகல்ல. இவரையும் விடமாட்டாருன்னு எனக்குத் தெரியும். கூட இரும்." ஞானப்பூ, தேவசகாயத்தின் மனைவி.

கால் கேட்கவில்லை. பேச்சு கேட்கவில்லை. நானும் அதற்குமேல் எதையும் கேட்க முடியாமல் அழுதேன். ஆண்டவரே, உமக்குத் தோத்திரம். அப்பா உயிரோடு இருக்கிறாரே, அதற்குத் தோத்திரம். அம்மாவின் விசுவாசத்துக்குத் தோத்திரம். அந்த இடது கைக்குத் தோத்திரம்.

திரும்பும் வழியில் கோட்டாறு பேராலயத்தில் தேவசகாயத்தின் கல்லறையிலும் மெழுகுதிரி ஏற்றினோம். 2022 மே 15 அன்று ரோமையில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்ததை அப்பா டிவியில் பார்த்துக் கைதட்டியது நினைவுக்கு வந்தது. அன்று இரண்டு கையும் தட்டின.

அந்தப் பையன்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். கீழே கொண்டுவந்து விட்ட பிறகு அம்மா பணம் எடுத்து நீட்டினார். தொடவே இல்லை. கூட்டத்தில் சின்னவன்தான் தயங்கித் தயங்கி, "எங்க அண்ணன் ஆழ்கடலுக்குப் போயிருக்கு அம்மா, செபத்துல நெனச்சுக்கிடுங்க" என்றான். பேர்கூடக் கேட்டு வைக்கவில்லை. அம்மா தினமும் ராத்திரிச் செபத்தில் அவனையும் அவன் அண்ணனையும் சொல்கிறார். இதை வாசிக்கிற நீங்களும் ஒரு மங்கள வார்த்தை செபம் அந்தப் படகுக்காகச் சொல்லுங்கள்.