நான்காம் முறையும் அதே வார்த்தைகள்

எங்கள் சபையின் கதை தொடங்கிய அமெரிக்க ஊரான பால்மைராவுக்குப் போக வேண்டும் என்று எத்தனையோ வருடம் ஆசைப்பட்டிருக்கிறேன். ஆனால் பெட்டி கட்டும் நாள் வந்தபோது எனக்குள் ஒரு கூச்சம். அதற்கு முந்தைய மூன்று வாரமாக நான் ஒழுங்காக முழங்கால் போடவே இல்லை. வேலை, அசதி, அப்புறம் செல்போன். படுக்கையில் கிடந்தபடியே இரண்டு வரி முணுமுணுத்துவிட்டுத் தூங்கிப்போன இரவுகள்தான் அதிகம். இந்த லட்சணத்தில், எங்கள் சபையை நிறுவிய ஜோசப் ஸ்மித் சிறுவனாக ஜெபித்த பரிசுத்தத் தோப்புக்கு என்ன முகத்தோடு போய் நிற்பது?

அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டே, "மூணு வாரம் சாப்பிடாம கிடந்தவ, பசிக்குதுன்னு சொல்ல வெக்கப்படுவாளா? கிளம்பு" என்றாள்.

எங்கள் சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. மார்மன் என்பது ஊரார் வைத்த பட்டப்பெயர். முழுப்பெயரையே சொல்லுங்கள் என்று 2018-ல் அப்போதைய தலைவர் ரசல் எம். நெல்சன் கேட்டுக்கொண்டார். நானும் முயற்சி செய்கிறேன். ஆனாலும் "எந்தச் சபை?" என்று கேட்பவர்களுக்கு இரண்டாவது வாக்கியத்தில் அந்தப் பழைய பெயரைச் சொன்னால்தான் புரிகிறது.

பால்மைரா நியூயார்க் மாநிலத்தின் மேற்கே, ராச்செஸ்டர் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய ஊர். பிரதான சாலையில் ஒரு நாற்சந்தி. நான்கு மூலையிலும் நான்கு தேவாலயங்கள், நான்கும் வேறு வேறு சபைகளைச் சேர்ந்தவை. கட்டடங்கள் ஜோசப் ஸ்மித்தின் காலத்துக்குப் பிற்பட்டவைதான். ஆனாலும் அங்கே நின்று ஒரு சுற்றுத் திரும்பிப் பார்த்தால், 1820-ல் பதினான்கு வயதுப் பையனுக்கு இருந்த குழப்பம் சட்டென்று விளங்கிவிடுகிறது. எதில் சேருவது? அவன் வேதத்தைத் திறந்தபோது கண்ணில் பட்டது யாக்கோபு 1:5. ஞானத்தில் குறைவுள்ளவன் தேவனிடத்தில் கேட்கட்டும் என்கிற வசனம். நான் சிறு வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்லிவரும் வசனம் அது. ஆனால் அந்த நாற்சந்தியில்தான் அதன் நடுவில் இருக்கும் ஒரு சொல் என்னைப் பிடித்து நிறுத்தியது: "ஒருவரையும் கடிந்துகொள்ளாதவர்". கேட்டு வருகிறவனைத் திட்ட மாட்டார். இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்று கேட்க மாட்டார்.

மறுநாள் காலையில் தோப்புக்குப் போனோம். அக்டோபர் மாதம். மேப்பிள் மரங்களும் பீச் மரங்களும் இலை உதிர்த்துக்கொண்டிருந்தன. 1820-லேயே நின்றிருந்த மரங்கள் சில இன்னும் இருக்கின்றன. என்னைக் கவர்ந்ததோ விழுந்துகிடந்த மரங்கள்தான். ஒரு காலத்தில் தோப்பைத் துப்புரவாக வைக்க வேண்டும் என்று காய்ந்ததையும் விழுந்ததையும் அப்புறப்படுத்தினார்களாம். பிறகு, அப்படியே மக்க விட்டால்தான் மண்ணுக்கு நல்லது என்று கண்டு விட்டுவிட்டார்கள். பாசி படர்ந்த ஒரு அடிமரத்தைத் தொட்டுப் பார்த்தேன். விரல் உள்ளே இறங்கியது. ஈரமான கறுப்புத் தூளாக உதிர்ந்த அதற்குள்ளிருந்து, சுண்டுவிரல் உயரத்துக்கு இரண்டு இலையோடு ஒரு கன்று எழும்பியிருந்தது.

ஒரு பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், ஒன்றும் நடக்கவில்லை. பிதாவும் குமாரனும் ஜோசப்புக்குத் தரிசனமானார்கள் என்று நான் நம்புகிற இடம் அது. அங்கே உட்கார்ந்துகொண்டு காரைப் பூட்டினோமா என்று யோசித்தேன். யாரோ இருமினார்கள். எங்கேயோ மரங்கொத்தி தட்டியது. விசேஷமான ஜெபம் ஒன்றை ஏறெடுக்க வேண்டும் என்று நினைத்து வந்திருந்தேன். ஒரு வார்த்தையும் வரவில்லை. கடைசியில் தினமும் சொல்வதையே சொல்ல ஆரம்பித்தேன்: பரலோக பிதாவே என்று அழைப்பது, நன்றி சொல்வது, வேண்டியதைக் கேட்பது, இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் முடிப்பது. பிள்ளைகளுக்கு ஞாயிறு வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் அதே நாலு படி. நன்றி சொல்லும் இடத்தில் அம்மா நினைவுக்கு வந்தாள். கேட்கும் இடத்தில் அந்த மூன்று வாரம் வந்தது. அதைச் சொன்னேன். அவ்வளவுதான்.

தோப்பிலிருந்து ஸ்மித் குடும்பத்தின் மரக்கட்டை வீட்டுக்கு நடந்தோம். பழைய வீடு இருந்த இடத்திலேயே 1998-ல் மறுபடி கட்டியது. சின்ன வீடு. 1820-ல் அப்பா, அம்மா, எட்டுப் பிள்ளைகள் என்று பத்துப் பேர் அதில் இருந்திருக்கிறார்கள். தனியாக ஜெபம் பண்ண அந்தப் பையன் ஏன் காட்டுக்குப் போனான் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

உள்ளே கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். "என்னடி ஆச்சு, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றாள் அம்மா. "ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கேன்." அடுத்த நிமிடமே எங்களை அழைத்துப்போன ஊழியக்காரச் சகோதரி அந்தக் கதையைச் சொன்னார். தரிசனம் முடிந்து வீட்டுக்கு வந்த ஜோசப் கணப்பில் சாய்ந்து நின்றானாம். என்ன விஷயம் என்று தாய் கேட்டதற்கு, ஒன்றும் இல்லை, எல்லாம் நலம், நான் நன்றாகத்தான் இருக்கிறேன் என்றானாம். அம்மா முழங்கையால் என் விலாவில் இடித்தாள். இருவரும் சிரிப்பை அடக்கிக்கொண்டோம்.

மாடியில் படுக்கும் இடம். 1823 செப்டம்பர் 21 இரவு மரோனி என்ற தூதன் ஜோசப்பிடம் வந்து, எங்கள் வேதநூல்களில் ஒன்றான மார்மன் புத்தகத்தின் மூல எழுத்துகள் பொறித்த பொன் தகடுகளைப் பற்றிச் சொன்னதாக எங்கள் வரலாறு. ஒரே இரவில் மூன்று முறை வந்தான். மூன்று முறையும் சொன்னதையே சொன்னான், கொஞ்சம் கூட்டிச் சொன்னது தவிர. மூன்றாம் முறை மறைந்ததும் சேவல் கூவியது. தூக்கமில்லாமல் வயலுக்குப் போன மகனைப் பார்த்து, உடம்பு சரியில்லை போல என்று அப்பா வீட்டுக்கு அனுப்ப, வழியில் வேலியைத் தாண்டும்போது அவன் விழுந்தான். அங்கே தூதன் நான்காம் முறை வந்து, முதலிலிருந்து எல்லாவற்றையும் திரும்பச் சொன்னான்.

இந்தக் கதையை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். படிக்கும்போதெல்லாம் ஒரு சலிப்பு. ஒரு தடவை சொன்னால் போதாதா? அந்தத் தாழ்ந்த கூரைக்குக் கீழே நின்றபோது எங்கள் ஞாயிறு ஆராதனையில் நடந்த ஒன்று ஞாபகம் வந்தது. திருவிருந்தில் அப்பத்துக்கும் தண்ணீருக்கும் சொல்லும் ஜெபங்கள் எழுதிவைத்தபடியே, ஒரு சொல் பிசகாமல் சொல்லப்பட வேண்டும். பிசகினால் திரும்பச் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஒரு பதினாறு வயதுப் பையன், அவனுக்கு அதுதான் முதல் முறை. நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டான். பிஷப்பைப் பார்த்தான். அவர் மெல்லத் தலையசைத்தார், மறுபடி ஆரம்பித்தான். மறுபடி இடறினான். காது சிவந்துவிட்டது. மூன்றாம் முறை ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்துச் சொல்லி முடித்தான். சபையில் ஒருவர்கூட அசையவில்லை, யாரும் முகம் சுளிக்கவில்லை. அவரை எப்பொழுதும் நினைவுகூருவோம் என்று வாரம் தவறாமல் கேட்கும் அந்த வாக்குறுதியை நான் உண்மையாகக் காதில் வாங்கியது அன்றுதான், அதுவும் மூன்றாம் முறை.

தினசரி பக்தி என்று சபையில் சொல்வது பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. காலையும் இரவும் முழங்கால். மார்மன் புத்தகத்தில் சில வசனம், அந்த வாரத்துக்கான பாடம். திங்கள் மாலை குடும்பத்தோடு. மாதத்தின் முதல் ஞாயிறு உபவாசம், மிச்சப்பட்ட இரண்டு வேளைச் சாப்பாட்டின் காசு ஏழைகளுக்கு. அந்தப் புத்தகத்தின் ஆல்மா 34-ம் அதிகாரத்தில் அமுலேக் என்ற போதகன் சொல்வது எனக்குப் பிடிக்கும். வீட்டில் ஜெபியுங்கள், வயலில் ஜெபியுங்கள், மந்தைக்காகவும் பயிருக்காகவும் ஜெபியுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போவான். நமக்கும் சந்தோஷமாக இருக்கும். திடீரென்று, இதையெல்லாம் செய்துவிட்டு இல்லாதவனைத் திருப்பி அனுப்பினால் உங்கள் ஜெபம் வீண் என்று முடித்துவிடுவான். நான் தவறவிட்ட மூன்று வாரத்தில் எனக்கு உறைத்தது ஜெபம் குறைந்தது அல்ல. பக்கத்து வீட்டு நோயாளியை ஒருநாளும் எட்டிப்பார்க்கவில்லை என்பது. முழங்கால் போடாத நாளில் யார் பெயரும் நினைவுக்கு வருவதில்லை.

மத்தியானம் ஆலயத்துக்குப் போனோம். ஸ்மித் குடும்பத்தின் பண்ணை நிலத்திலேயே, தோப்பைப் பார்த்தபடி நிற்கிறது. 2000 ஏப்ரல் 6-ல் பிரதிஷ்டை ஆனது. உள்ளே நடப்பதை வெளியே விரித்துப் பேசுவது எங்கள் வழக்கம் அல்ல. வெள்ளை உடையில், சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தோம் என்று மட்டும் சொல்கிறேன். 1830-ல் மார்மன் புத்தகத்தின் முதல் ஐயாயிரம் பிரதிகள் அச்சான கிராண்டின் கட்டடத்தையும் பார்த்தோம். அம்மாவுக்குக் கால் வலி, சீக்கிரம் வெளியே வந்துவிட்டோம்.

கடைசியாக, அந்தத் தகடுகள் புதைந்திருந்ததாக நாங்கள் நம்பும் குமோரா குன்று. அம்மா கீழே உட்கார்ந்துகொண்டாள், நான் ஏறினேன். முதல் தடவை தகடுகளைப் பார்த்தபோது ஜோசப்பால் எடுக்க முடியவில்லை. வறுமையில் இருந்த பையன், பொன் என்றதும் மனம் போன போக்கை அவரே பிற்பாடு மறைக்காமல் எழுதிவைத்தார். அடுத்த வருடம் இதே நாளில் வா என்று தூதன் சொன்னான். 1824, 1825, 1826. ஒவ்வொரு செப்டம்பர் 22-க்கும் போய், வெறுங்கையோடு திரும்பினார். 1827-ல்தான் கையில் கிடைத்தது. மேலே காற்று பலமாக இருந்தது. வெறுங்கையோடு இறங்கிய அந்த மூன்று வருடங்களைப் பற்றி யாராவது விளக்கிச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

மறுநாள் விடியற்காலையில் தங்கியிருந்த அறையில் விழிப்பு வந்தது. இன்னும் இருட்டு. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அவளால் இப்போது முழங்கால் போட முடியாது. உதடு மட்டும் அசைந்தது, நடுவில் என் பெயர் கேட்டது. அவள் முடிக்கும்வரை காத்திருந்து, கட்டிலைவிட்டு இறங்கினேன். தரையில் விரிப்பு இல்லை, சில்லென்று இருந்தது. அம்மா கண்ணைத் திறக்காமலேயே முதுகுக்கு வைத்திருந்த தலையணையை உருவி, என் முழங்காலுக்குக் கீழே தள்ளிவிட்டாள்.