பின்னிருக்கை: பீதர் நாட்கள்

ஜனவரி 5

விமானப்படையின் கடிதம் வந்துவிட்டது. கர்நாடகத்தில் இருக்கும் பீதருக்கு வரலாம், சூரியகிரண் சாகசக் குழுவின் விமானத்தில் பின்னிருக்கையில் பறந்து படம் எடுக்கலாம்.

ஜனவரி 6

மருத்துவச் சோதனையில் அரை நாள் போனது. ஈசிஜி, ரத்த அழுத்தம், காது, கழுத்துக்கும் முதுகுக்கும் எக்ஸ்ரே. கடைசியில் ஸ்டூலில் உட்காரவைத்து இடுப்பிலிருந்து முழங்கால் வரை டேப் வைத்து அளந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். அவசரத்தில் இருக்கை ராக்கெட் விசையில் வெளியே பாயும்போது முழங்கால் முன்பலகையில் இடித்துவிடக் கூடாதாம். செருப்புக் கடையில் ஏழா எட்டா என்று சொல்வதுபோல எண்ணைச் சொல்லிவிட்டு அடுத்த தாளைப் புரட்டினார் மருத்துவர்.

எல்லாம் சரி. மூக்குதான் லேசாக அடைத்திருக்கிறது. உயரம் சட்டென்று மாறும்போது காதுக்குள் காற்று போக வர வழி வேண்டும். சளி அடைத்திருந்தால் செவிப்பறையை அழுத்தும், கிழிக்கவும் கிழிக்கும். "பறக்கிற நாளில் சளி இருந்தால் ஏற்ற மாட்டார்கள்."

ஜனவரி 7

அம்மா: "மூக்கு எப்படி இருக்கு?"

நான்: "பரவாயில்லைம்மா."

அம்மா: "நொச்சி போட்டு ஆவி பிடி. அந்த ஊர்ல நொச்சி கிடைக்குமா? தம்பிகிட்ட குடுத்துவிடட்டா?"

விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வைக்கும் முன் மட்டும், "கலாம் போகலையா, எழுபத்தி நாலு வயசுல," என்றாள். என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா தெரியவில்லை. 2006 ஜூன் 8, புனே, சுகோய் 30. அந்தப் படத்தைப் பத்திரிகையிலிருந்து வெட்டி அவள் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருந்தாள். விமானப்படையில் விமானியாகச் சேரப் போன கலாமுக்கு டேராடூன் தேர்வில் ஒன்பதாம் இடம். எடுத்தது எட்டுப் பேரை. பிற்பாடு அவர் ஏறியபோதும் அவருக்குக் கிடைத்தது பின்னிருக்கைதான்.

ஜனவரி 8

தூக்கம் வரவில்லை. அந்த பிரெஞ்சுக்காரரையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2019 மார்ச் 20, செயின்ட் திசியே விமானதளம். 64 வயதுக்காரர், ராணுவப் பின்னணி கிடையாது. கூட வேலை செய்தவர்கள் அவருக்கு ரஃபேலில் ஒரு பயணத்தை ஏற்பாடு செய்து, சொல்லாமல் வைத்திருந்து, இன்ப அதிர்ச்சியாகக் கொடுத்தார்கள். ஏறுவதற்கு முன்பே இதயத்துடிப்பு நிமிடத்துக்கு 136லிருந்து 142 வரை. மேலே கிளம்பியதும் விமானி செங்குத்தாக ஏற்றி, பிறகு மூக்கைத் தாழ்த்திச் சமன் செய்தார். ஏறும்போது 3.7 ஜி, அதாவது உடம்பு தன் எடையைப் போல 3.7 மடங்கு கனக்கிறது. சமன் செய்யும்போது கழித்தல் 0.6. அதாவது உடம்பு இருக்கையை விட்டு எழும்புகிறது. வார்ப்பட்டைகளும் இறுகக் கட்டப்பட்டிருக்கவில்லை. எழும்புகிற மனிதன் கைக்கு அகப்பட்டதைப் பிடிப்பான். அவர் பிடித்தது தொடைகளுக்கு நடுவில் இருந்த கைப்பிடியை. இருக்கையை வெளியே வீசும் கைப்பிடி அது.

கண்ணாடிக் கூரை உடைந்து, இருக்கை பாய்ந்து, தலைக்கவசம் காற்றில் போய், ஆனால் பெரிய காயமில்லாமல் தரையிறங்கினார். ஒருவர் இழுத்தால் இருவரும் வெளியேற வேண்டிய அமைப்பு அது. முன்னிருக்கை மட்டும் கோளாறால் கிளம்பவில்லை. விமானி கூரையில்லாத விமானத்தைத் தனியாகத் தரையிறக்கினார்.

இதை வேடிக்கைச் செய்தியாகப் போட்ட எல்லோர் மீதும் எனக்குக் கோபம் உண்டு. அந்த மனிதருக்கு மறுக்க அவகாசமே தரப்படவில்லை. பயந்த உடம்பை ஒரு வெடிமருந்துப் பெட்டிமேல் உட்காரவைத்துக் கட்டிவிட்டு, கையை எங்கே வைத்துக்கொள்வது என்பதை அதற்குப் பழக்காமல் விட்டார்கள். இப்படிப்பட்ட பயணத்தை யாருக்கும் பரிசாகக் கொடுக்கக் கூடாது. கேட்டு வருகிறவருக்கு, நாள் கொடுத்து, தரையில் பழக்கிய பிறகுதான்.

கை எதைப் பிடிக்கும்? கட்டிலில் மல்லாந்து படுத்து, கண்ணை மூடி, யாரோ என்னைத் தூக்கிப் போடுவதாக நினைத்துப் பார்க்கிறேன். இரண்டு கையும் தொடைக்கு நடுவில்தான் போகின்றன.

ஜனவரி 9

ஹைதராபாத்திலிருந்து பஸ். செம்மண், துவரை, கரும்பு லாரிகள். அறை சின்னது, சுத்தம். ஆவி பிடிக்க வெந்நீர் கேட்டேன். வாளியில் குளிக்கக் கொண்டுவந்தார் பையன்.

ஜனவரி 10

முதல் நாள் தளத்தில். சூரியகிரண் குழு 1996இல் பிறந்தது இங்கேதான், கிரண் விமானங்களோடு. 2011இல் நிறுத்தப்பட்டு, 2015இல் ஹாக் விமானங்களோடு திரும்பி வந்தது. சிவப்பும் வெள்ளையுமாக ஒன்பதும் வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் கேமராவை எடுக்கத் தோன்றவில்லை. கிட்டத்தில் அவை சிறியவை. இறக்கையின் நுனியிலிருந்து மறு நுனிக்குப் பத்து மீட்டர்கூட இல்லை.

என்னை ஏற்றிப்போகப் போகிறவர் ஒரு ஸ்க்வாட்ரன் லீடர். அது பதவிப் பெயர்தான், குழுத் தலைவர் வேறொருவர். மெதுவாகப் பேசுகிறார். தலைவரின் விமானத்துக்கு இடப்பக்கம் பறப்பவர். என்னை இருக்கையில் உட்காரவைத்து அவரே பாடம் எடுத்தார். தலை பின்பலகையில் ஒட்டியிருக்க வேண்டும். முழங்கைகள் உள்ளே. "இஜெக்ட்" என்று மூன்று முறை சொல்வேன், திருப்பிக் கேட்காதீர்கள், இழுங்கள். பூஜ்ய உயரத்தில், பூஜ்ய வேகத்தில் இழுத்தாலும் இந்த இருக்கை காப்பாற்றும். கூரைக் கண்ணாடிக்குள் வளைந்து வளைந்து ஓடும் கோடு அலங்காரம் அல்ல, வெடிக்கயிறு. அது கண்ணாடியை நொறுக்கிய பிறகே இருக்கை கிளம்பும்.

மற்ற நேரத்தில் கையை எங்கே வைப்பது என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. தோள்பட்டை வாரைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டைவிரலை வாருக்குள் நுழைத்து, என்று செய்து காட்டினார். அதற்காகவே அவரைப் பிடித்துப்போயிற்று.

பிறகு கேமரா. பெரிய லென்ஸ் கிடையாது. கழுத்தில் மாட்டக் கூடாது. மணிக்கட்டில் கட்டி, இழுவை வரும்போது மடியில் அழுத்தி வைக்க வேண்டும். ஒன்றரைக் கிலோ கேமரா 5 ஜியில் ஏழரைக் கிலோ. என் முழங்கால்களுக்கு நடுவிலும் ஒரு கட்டுப்பாட்டுத் தடி இருக்கிறது. முன்னால் இருப்பது அசையும்போதெல்லாம் இதுவும் அசையும். நடுவில் கேமரா சிக்கினால் அவர் கை முடங்கும். 2014 பிப்ரவரியில் பிரிட்டிஷ் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்றில் அப்படித்தான் நடந்தது. விமானியின் கேமரா கைதாங்கிக்கும் தடிக்கும் இடையே மாட்டிக்கொள்ள, கருங்கடலுக்கு மேல் விமானம் 4,400 அடி விழுந்தது. அதை நான் சொன்னபோது, "தெரியும் மேடம், அதனால்தான் சொல்கிறேன்," என்றார்.

நான் கேட்ட கடைசிக் கேள்வி: வளையம் போடும்போது, அதாவது மேலே ஏறித் தலைகீழாகி வட்டமாகத் திரும்பி இறங்கும்போது, தரை எங்கே இருக்கிறது என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

"பார்க்க மாட்டேன். தலைவருடைய விமானத்தில் இரண்டு புள்ளிகள் வைத்திருக்கிறேன். இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் நான் என் இடத்தில் இருக்கிறேன். தரை அவர் வேலை."

இறக்கைக்கும் இறக்கைக்கும் இடைவெளி ஐந்து மீட்டருக்கும் குறைவு.

ஜனவரி 11

மூடுபனி. இல்லை.

ஜனவரி 12

மூடுபனி. ஒன்பது மணிக்குக் கலைந்தது, பிறகு பருந்துகள், மோதினால் ஆபத்து. மறுபடியும் இல்லை.

தரை அவர் வேலை.

பெங்களூரு யலஹங்காவில் அன்று நானும் இருந்தேன். 2019 பிப்ரவரி 19, விமானக் கண்காட்சிக்கு முந்தைய நாள் ஒத்திகை. நான் வேறு பக்கம் லென்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். பக்கத்திலிருந்தவர் குரல் கேட்டுத் திரும்பியபோது புகை மட்டும் தெரிந்தது, கறுப்பாக. இந்தக் குழுவின் இரண்டு ஹாக்குகள் மோதிவிட்டன. விங் கமாண்டர் சாஹில் காந்தி இறந்துபோனார். இருவர் வெளியேறித் தப்பினார்கள்.

இரண்டு விமானங்கள், மூன்று பேர். அப்படியென்றால் ஒன்றில் பின்னிருக்கையிலும் ஆள் இருந்தார். இவ்வளவு வருஷமாக அந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை. இன்று மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டிருக்கும்போது போட்டேன். அதற்குமேல் சாப்பிட முடியவில்லை.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. மூக்கைக் கேட்டாள். சொன்னேன்.

ஜனவரி 13

பனி. கோட்டைப் பக்கம் நடந்தேன். ஒரு பித்ரி பட்டறைக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தார்கள். துத்தநாகம் கலந்த உலோகத்தில் உளியால் கோடு செதுக்கி, வெள்ளிக் கம்பியை அதில் இறக்கித் தட்டுகிறார் பெரியவர். முடிவில் கோட்டையின் பழைய மண்ணை நவச்சாரத்தோடு கொதிக்கவைத்து முக்கினால் உலோகம் கறுத்துவிடும், வெள்ளி கறுக்காது. மழையும் வெயிலும் படாத இடத்து மண்தான் வேண்டுமாம். கொஞ்சம் நாக்கில் வைத்துச் சோதிக்கிறார்கள். நான் அவர் கைகளையே படமெடுத்துக்கொண்டிருந்தேன். உளியைப் பிடிக்க அந்தக் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை இனி.

இரவு: வாருக்குள் கட்டைவிரல். கண்ணை மூடினால் இப்போது அங்கேதான் போகிறது. பத்தில் எட்டு முறை.

ஜனவரி 14

பொங்கல். விடுதிக்காரர் வீட்டம்மா எள்ளும் வெல்லமும் கொடுத்தார். மூக்கு திறந்துவிட்டது! இரண்டு துவாரமும்!

ஜனவரி 16

பறந்தேன்.

வரிசையாக எழுத முயல்கிறேன். ஆறு மணிக்கு வானம் துடைத்துவிட்டது மாதிரித் தெளிவு. தோடு, ஹேர்பின், மோதிரம், சட்டைப்பையில் இருந்த பேனா எல்லாவற்றையும் எண்ணி ஒரு பையில் போட்டார்கள். தளர்ந்து கிடக்கும் ஒரு பேனா தலைகீழாகும்போது எங்கே போய் மாட்டும் என்று யாரும் சொல்ல முடியாது. மெட்டி கழலவில்லை. பூட்ஸுக்குள் இருக்கட்டும் என்றார்கள்.

என்னைக் கட்டியவர் செய்யாற்றுக்காரர், கார்ப்பரல். தமிழ் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்தது. கால்களில் பட்டை, அதிலிருந்து இருக்கைக்கு ஒரு கயிறு. வெளியேறும்போது காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளுமாம். ஆக்ஸிஜன், ஜி-உடைக்குக் காற்று, ரேடியோ மூன்றும் ஒரே இணைப்பு. ரத்தம் கீழே இறங்கிவிடாமல் வயிற்றையும் காலையும் காற்றால் இறுக்குவது ஜி-உடை. தோள் வாரை அவர் இழுத்த இழுப்பில் மூச்சு நின்றது. "இன்னும் கொஞ்சம்கா. மேல போனா லூசாயிரும்." கடைசியாகப் பாதுகாப்பு ஊசிகளை உருவி என் முகத்துக்கு நேரே காட்டினார். "பாத்துக்கங்க. சீட்டு இப்ப லைவ்க்கா." இறங்கிப் போய்விட்டார்.

கிளம்பியது, ஏறியது எல்லாம் சரியாக நினைவில்லை. நினைவில் இருப்பது தலைவரின் விமானம். வலப்பக்கம் வந்து நின்றது. நின்றது என்றுதான் எழுத வேண்டும். அதன் வயிற்றில் எண்ணெய் வடிந்த தடம், தேய்ந்த சிவப்பு, ஆணித் தலைகள் எல்லாம் எண்ணலாம் போல அருகில். அது அசையவே இல்லை. ரேடியோவில் தலைவரின் குரல், சொல்லை முன்கூட்டியே இழுத்து, தாளம் மாறாமல் வரும். அந்த இழுப்பு முடிகிற இடத்தில் எல்லா விமானமும் ஒன்றாக எழும்பும்.

ஜி-உடை வயிற்றையும் தொடையையும் கவ்வியது. தரையில் பழகியபடி கால், தொடை, வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, மூச்சைப் பிடித்து, மூன்று விநாடிக்கு ஒருமுறை சிறிதாக விட்டு வாங்கினேன். முகமூடி மூக்கிலிருந்து கீழே சரிந்தது. கன்னம் தாடைக்கு இறங்கியது. மடியில் கேமரா எனக்குச் சொந்தமில்லாத பாரமாகிவிட்டது. பார்வையின் ஓரங்கள் சாம்பல் நிறமாகி உள்ளே நெருங்கின. ரத்தம் தலையை விட்டு இறங்குகிறது என்று தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். ஜி காட்டி நாலரையில் இருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தச் சிவப்பு விமானம் அசையவில்லை. அதற்குப் பின்னால் இருந்த உலகம்தான் சுழன்றது: வயல், தொடுவானம், பிறகு வெறும் நீலம்.

உச்சியில் பாரம் போனது. தலைக்கு மேலே பீதர். நிஜமாகவே மேலே, கோட்டைச் சுவரும் குளமும் துவரை வயலும் கூரையில் ஒட்டியிருந்தன. என் இடது கை எழும்பியது. நான் எழுப்பவில்லை. மிதந்து, விரல் விரிந்து, முகத்துக்கு முன்னால் வந்து நின்றது. எதையும் தேடவில்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கட்டைவிரலை வாருக்குள் நுழைத்தேன்.

அப்போதுதான் அவர் தலையைக் கவனித்தேன். முன்னால், இருக்கையின் மேல்விளிம்புக்கு அப்பால், வெள்ளைத் தலைக்கவசம் வலப்பக்கம் திரும்பியிருந்தது. சேர்ந்த நிமிடத்திலிருந்து அப்படியேதான் இருந்திருக்கிறது. வளையத்திலும், உருளலிலும், பிரிந்து இறங்கச் சொல்லும்வரை அது நேராகத் திரும்பவில்லை. பூமி தலைக்கு மேலே வந்துபோனதை அந்த விமானத்தில் பார்த்தது நான் ஒருத்திதான். இத்தனை வருஷம் இந்த வேலையில் இருப்பவர், தான் போடும் வளையத்தைப் பார்த்ததில்லை. அவர் பார்ப்பது ஒரு மனிதரின் விமானத்தில் இரண்டு புள்ளிகளை. அந்த மனிதர் தரையைச் சரியாகப் பார்க்கிறார் என்பதில் மீதி எட்டு உயிரும். இன்று, என்னோடு சேர்த்து, ஒன்பது.

ஒரு கையால் கேமராவைத் தூக்கி அந்தத் தலைக்கவசத்தைப் படமெடுத்தேன்.

இறங்கிய பிறகு அசையாமல் உட்கார்ந்திருந்தேன், செய்யாற்றுக்காரர் ஏறிவந்து ஊசிகளை மறுபடி செருகும்வரை. "இப்ப எந்திரிக்கலாம்கா."

ஜனவரி 17

கழுத்து திரும்பவில்லை. தோளில் வார் அழுந்திய தடம் நீலமாக. இடது காது அடைத்திருக்கிறது. அம்மாவிடம் சொன்னதும், "நொச்சி," என்றாள். பிறகு, "மேல எப்படிடீ இருந்துச்சு?" முதல்முறையாகக் கேட்டாள். அரைமணி நேரம் பேசினோம். பீரோவில் ஒட்ட ஒரு படம் வேண்டுமாம். தலைக்கவசப் படத்தை அனுப்பினேன். "இதுல நீ எங்க?" என்கிறாள்.

ஜனவரி 18

ஸ்க்வாட்ரன் லீடரிடம் படத்தைக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "அந்த வளையத்தில் கோட்டை தெரிந்ததா?" என்று கேட்டார். தெரிந்தது என்றேன். எந்தப் பக்கம், வெயில் எப்படி விழுந்தது, குளத்தில் தண்ணீர் இருந்ததா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன்.

நாளை ஒன்பதும் சேர்ந்து ஒத்திகை. ஓடுபாதைப் பக்கம் நின்று எடுக்க அனுமதி கிடைத்துவிட்டது. பெரிய லென்ஸைத் துடைத்து வைத்தாயிற்று. வண்டி ஐந்தரைக்கு வரும்.