லட்டுவோட கண்ணும் என் கத்திரியும்

சிங்கப்பூர் யீஷூன்ல ஒரு புளோக்குக்கு கீழ, ஒரு பக்கம் காப்பிக்கடை, இன்னொரு பக்கம் முடிவெட்டுற கடை, நடுவுல நான் வேலை செய்யுற நாய் குரூமிங் கடை. பக்கத்து கடை அங்கிள் மனுஷங்களுக்கு வெட்டுறாரு, நான் நாய்ங்களுக்கு வெட்டுறேன், அவருக்கு ஒரு தலைக்கு பத்து நிமிஷம், எனக்கு ரெண்டு மணி நேரம், அதோட அவரோட கஸ்டமர் யாரும் அவரை கடிக்கிறதில்ல.

ஆறு வருஷம் ஆச்சு இந்த வேலைக்கு வந்து. வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுல ஒரு நாய்தான் வெச்சுக்கலாம், அதுவும் அனுமதி உள்ள லிஸ்ட்ல இருக்கிற சின்ன ஜாதியா இருக்கணும், அதனால எங்க மேஜை மேல ஏறுறது முக்கால்வாசி ஷீட்ஸு, மால்டீஸ், டாய் பூடில்தான். (அதுல பாதிக்கு பேரு மிலோ. ஒரு சனிக்கிழமை நாலு மிலோ வந்துச்சு, பில்லு எல்லாம் மாறிப்போச்சு.)

நகம் வெட்டுறதுதான் கஷ்டமா, இல்ல குளிப்பாட்டுறதான்னு எல்லாரும் கேப்பாங்க. எனக்கு இன்னைக்கும் வயித்த கலக்குறது கண்ணுதான். ரெண்டு விரல் அகலம் கூட இருக்காது அந்த எடம், ஆனா ஷீட்ஸு மாதிரி நாய்க்கு கண்குழி ஆழமே கிடையாது, கண்ணு முன்னாடி துருத்திக்கிட்டு நிக்கும், மூக்கு வேற சப்பை, அந்த மூக்கு மேல முளைக்கிற முடி செவ்வந்திப் பூ இதழ் மாதிரி நாலா பக்கமும் விரிஞ்சு மேல நோக்கி வளந்து நேரா கண்ணுக்குள்ள போகும். பிடரிய புடிச்சு இழுத்தா கண்ணே பிதுங்கி வெளிய வர்ற ஜாதி அது, சும்மா சொல்லல, நிஜமாவே நடக்கும்.

மூணு வருஷம் முன்னாடி, சீனப் புத்தாண்டுக்கு முந்தின வாரம். அந்த வாரம் எப்படி இருக்கும்னு இந்த ஊர்ல இருக்கிறவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, எல்லா நாய்க்கும் புது வருஷத்துக்கு புது முகம் வேணும், காலையில பசியாற கூட நேரம் இல்லாம நின்னுக்கிட்டே வெட்டிட்டு இருந்தோம். அன்னைக்குத்தான் லட்டு வந்தான். வெள்ளையும் பழுப்பும் கலந்த ஷீட்ஸு, எதிர் புளோக் பாட்டியோட நாய், மகன் வாங்கிட்டு வந்து விட்டுட்டு போயிட்டாரு, வளக்குறது பாட்டி. கண்ணோட உள்மூலையில இருந்த முடிய நான் சீப்பால தூக்கி பாதி அளவுல கத்தரிச்சு விட்டேன், பாக்க அழகாத்தான் இருந்துச்சு, பாட்டி கூட போட்டோ எடுத்தாங்க.

அங்கதான் தப்பு. நீள முடின்னா அதோட பாரத்துலயே கீழ படுத்துக்கும். அரைகுறையா வெட்டின முடி படுக்காது, வளர வளர துடைப்பக் குச்சி மாதிரி விறைப்பா நின்னு கருவிழியில உரசும். நாய் ஒவ்வொரு தடவ கண்ணு சிமிட்டும்போதும் ஒரு உரசல், ஒரு நாளைக்கு எத்தனை தடவ சிமிட்டும்னு யோசிச்சு பாருங்க.

ரெண்டு வாரம் கழிச்சு பாட்டி லட்டுவ தூக்கிக்கிட்டு வந்தாங்க, இடது கண்ண தொறக்கவே இல்ல, தண்ணியா வடியுது, வெளிச்சத்த பாத்தா மூஞ்ச திருப்பிக்கிறான். எங்க சீனியர், மலேசியா ஜொகூர்ல இருந்து தினமும் காஸ்வே பாலம் தாண்டி வர்ற சீன அக்கா, கைக்கு கிளவுஸ் கூட போடாம இமைய லேசா விலக்கி பாத்துட்டு என்ன பாத்தாங்க, ஒரு வார்த்தை பேசல.

கடை மொதலாளி என்ன தனியா கூப்பிட்டு, ஷீட்ஸுக்கு இது சகஜம், அப்படியே சொல்லிடுன்னாரு. சகஜம்தான், அது பொய்யில்ல, இந்த ஜாதிக்கு கருவிழியில புண்ணு வர்றது அடிக்கடி நடக்கிற விஷயம். ஆனா லட்டுவுக்கு அப்போ வந்தது என் கத்திரியால. பொய்யா இருந்திருந்தா மாட்டேன்னு சொல்றது சுலபமா இருந்திருக்கும், உண்மையவே எடுத்து மூடியா போட சொல்றப்போ என்ன சொல்றதுன்னு தெரியல. லீவு போட்டுட்டு கிராப் டாக்சி புடிச்சு பாட்டியோட சேந்து வெட் (நாய் டாக்டர்) கிட்ட போனேன், போற வழியில சொல்லிட்டேன், பாட்டி நான் முடிய தப்பா வெட்டிட்டேன்னு. பாட்டி ஜன்னல் பக்கமே பாத்துட்டு வந்தாங்க.

டாக்டர் ஆரஞ்சு கலர் சாயம் ஒரு சொட்டு கண்ணுல விட்டு, லைட்ட அணைச்சு நீல டார்ச் அடிச்சாரு. நல்லா இருக்கிற எடத்துல சாயம் ஒட்டாது, புண்ணுல மட்டும் ஒட்டி பச்சையா மின்னும். கடுகு அளவு, பளிச்சுன்னு ஒரு பச்சை. அதுக்கப்புறம் மருந்து சொட்டு, கண்ண சொறியாம இருக்க கழுத்துல கூம்பு, திரும்ப செக்கப். பில்லுல பாதி நான் குடுத்தேன், முழுசா குடுக்க வந்தேன், பாட்டி வாங்கல.

வீட்டுல சொட்டு மருந்து விட பாட்டிக்கு ஒத்தாசையா தினம் ராத்திரி போவேன். முத நாள் நான் கைய அந்தரத்துல வெச்சு விட பாக்குறேன், லட்டு தலைய ஆட்டுறான், சொட்டு மூக்குல விழுது. பாட்டி பாத்துட்டு, "கண்ணு, நீ புள்ளைக்கு மை வெச்சதில்லையா, சுண்டு விரல கன்னத்துல ஊனிக்கம்மா, மூஞ்சி ஆடுனா உன் கையும் சேந்து ஆடும், அப்ப எப்படி குத்தும்?"ன்னாங்க. எனக்கு கல்யாணமே ஆகல, மை வெச்சதில்ல, ஆனா சீன அக்கா மூணு வருஷமா என் மணிக்கட்ட தட்டி தட்டி சொல்லிக்கிட்டு இருந்தது இதேதான், அவங்க சொன்னப்போ மண்டையில ஏறல.

இப்ப நான் செய்யுறது இதுதான்: வெதுவெதுப்பான தண்ணியில பஞ்ச நனைச்சு, கண்ணு ஓரத்து பொருக்கு மேல வெச்சுட்டு காத்திருப்பேன், ஊறாம பிச்சா தோலோட வரும். அப்புறம் பொடி சீப்பு, கண்ண விட்டு வெளிப்பக்கமா மட்டும். இடது கையில தாடைக்கு கீழ தாடிய புடிச்சுக்குவேன், முனை உருண்டையா இருக்கிற கத்திரி, அலகு மூக்கோட படுத்த வாக்குல, முனை ஒருநாளும் கண்ண பாக்காது. கீழ் அலகு அசையாது, கட்டைவிரல் மட்டும்தான் வேலை செய்யும். மூக்கு மேட்டு முடி ஒண்ணு ஒட்ட எடுக்கணும், இல்ல நீளமா விட்டு மேல சேத்து குடுமி போடணும், நடுவுல நிக்கிற சமாச்சாரமே கிடையாது. ஒட்ட எடுக்கிறவங்க மூணு, நாலு வாரத்துல திரும்ப வந்தே ஆகணும்னு முதல்லயே சொல்லிடுவேன், வரமாட்டேன்னா குடுமிதான். கடைசியில உதிர்ந்த துணுக்கு போக சலைன் ஊத்தி கழுவுவேன். இதுக்கு தனியா காசு கிடையாது, மொதலாளிக்கு நான் லேட்டுன்னு இன்னும் குறைதான்.

வெள்ளை மால்டீஸ் வெச்சிருக்கிறவங்க கவலை வேற மாதிரி, கண்ணுக்கு கீழ செம்பழுப்பு கறை. கண்ணீர்ல இருக்கிற பார்ஃபைரின்ங்கிற நிறமி, அதான் அந்த துரு கலர், நம்ம ஊரு ஈரத்துல அது காயவும் மாட்டேங்குது. ஆன்லைன்ல பவுடர் வாங்கி சோத்துல கலந்து குடுக்கிறாங்க. சில பவுடர்ல டைலோசின்னு ஆன்டிபயாடிக் இருந்து, 2014-ல அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு எஃப்டிஏ அந்த மாதிரி கம்பெனிகளுக்கு எச்சரிக்கை கடிதமே அனுப்புச்சு. நான் சொல்றது, தினம் தொடச்சு காய வைங்க, திடீர்னு ஒரு கண்ணுல மட்டும் வடிஞ்சா எங்ககிட்ட வராதீங்க, வெட் கிட்ட போங்க.

லட்டு கண்ணு ஆறிடுச்சு, உத்து பாத்தா கூட தெரியாது. மூணு வாரத்துக்கு ஒருதரம் வர்றான். பாட்டி கண்ணாடிக்கு வெளிய ஸ்டூல்ல ஒக்காந்து மகள்கிட்ட போன்ல பேசிக்கிட்டே இருப்பாங்க, நான் கத்திரிய மாத்தி சின்னத எடுத்தா மட்டும் பேச்சு நின்னுடும்.

போன தடவ சரியா அந்த நேரத்துல பெரிய தும்மல் ஒண்ணு போட்டான். தல பின்னாடி போச்சு, என் கையும் கூடவே போச்சு, சுண்டு விரல் அவன் கன்னத்துலயே இருந்துச்சு, கத்திரி தொறந்தபடியே. என் மூக்குக்கண்ணாடி முழுக்க சளி. வெளிய பாட்டி எழுந்து நின்னு கண்ணாடிய தட்டுறாங்க.

"ஒண்ணுமில்ல பாட்டி, தும்முனான்."