41 நொடி போன இடம்

மார்ச் 3

நடப்பதை வரி வரியாகப் பதிந்து வைக்கும் லாக் ஃபைலைப் படித்து மணிக்கு எத்தனை பிழை என்று எண்ணும் என் பைதான் நிரல் 41 நொடி எடுக்கிறது. ஃபைல் 2 ஜிபி, சுமார் 20 லட்சம் வரி. எண்ணும் பகுதியை இன்று மாற்றி எழுதி ஓட்டினேன். 19 நொடி! கூட வேலை செய்பவரிடம் உடனே சொல்லிவிட்டேன்.

மார்ச் 4

எதற்கும் இருக்கட்டும் என்று பழைய நிரலையே இன்னொரு தடவை ஓட்டினேன். அதுவும் 19. மனசே விட்டுப்போனது.

ஒருமுறை படித்த ஃபைலை லினக்ஸ் இயங்குதளம் காலியாக உள்ள நினைவகத்தில் வைத்துக்கொள்ளும். அடுத்த தடவை டிஸ்க் பக்கமே போகாது. நேற்று முதலில் ஓடியது பழைய நிரல், அதனால் டிஸ்க்கின் செலவு முழுக்க அதன் தலையில் விழுந்திருக்கிறது. அந்த நினைவகத்தைக் காலி செய்துவிட்டு, பழையதை, நேரத்தை அளக்கும் டைம் கட்டளையோடு ஓட்டினேன்.

ரியல் 41.2, யூசர் 17.9, சிஸ் 1.3.

ரியல் கடிகாரத்தில் கழிந்த நேரம். யூசர், நம் நிரலுக்குள் ப்ராசஸர் உழைத்தது. சிஸ், நமக்காகக் கெர்னல், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதி, உழைத்தது. உழைப்பு இரண்டும் சேர்ந்து 19.2 தான். மீதி 22 நொடியும் டிஸ்க்குக்காகக் காத்திருந்தது. ரியலை மட்டும் பார்த்திருந்தால் இது தெரிந்தே இருக்காது.

மார்ச் 6

நிரலுக்குள் அளக்க, கணினிக் கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லும் டைம்.டைம் போட்டிருந்தேன். இன்று ஒரு பகுதிக்கு மைனஸ் 0.3 நொடி வந்தது. கணினிக் கடிகாரத்தை, நெட்வொர்க் வழியே நேரத்தைச் சரிசெய்யும் என்டிபி திருத்தியபோது அது பின்னால் நகர்ந்திருக்கிறது. கழிந்த நேரத்தை அளப்பதற்கென்றே பைதானில் உள்ள பெர்ஃப் கவுண்டருக்கு மாறிவிட்டேன். 2012இல் வந்த பைதான் 3.3 முதலே இருக்கிறது, பின்னோக்கி நகராது.

மார்ச் 7

பழையது, புதியது, பழையது, புதியது என்று மாற்றி மாற்றிப் பத்துப் பத்துத் தடவை. பழையதைப் பத்து தடவை முடித்துவிட்டு அப்புறம் புதியதைத் தொட்டால், அதற்குள் லேப்டாப் சூடாகி வேகம் குறைந்துவிடும். பழி புதியதன் மேல் விழும்.

பழையது 18.8 முதல் 21.4 வரை. புதியது 18.6 முதல் 21.5 வரை. என் மாற்றத்தால் ஒரு பயனும் இல்லை. சொன்னவரிடமே போய்த் திருத்திச் சொன்னேன்.

இரண்டு நிரல்களை ஒப்பிடும்போது சராசரியைவிட ஆகக் குறைந்த எண்ணைத்தான் நான் நம்புவேன். வேறு வேலைகள் குறுக்கிட்டால் நேரம் கூடுமே தவிர குறையாது.

மார்ச் 9

ஊகிப்பதை விட்டுவிட்டு, எந்தப் பகுதி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் ப்ரொஃபைலரைப் போட்டேன். நிரலில் 4 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் பொதுவாகப் பாதிக்கு மேல் நேரத்தைத் தின்கிறது என்று ஃபோர்ட்ரான் நிரல்களை ஆராய்ந்து 1971இலேயே கணினி அறிஞர் டொனால்ட் க்னூத் எழுதினார். என் நிரலில் அது ஒரே வரி: தேதியைப் பிரிக்கும் எஸ்டிஆர்பிடைம், 20 லட்சம் தடவை. எனக்கு வேண்டியது எந்த நாள், எந்த மணி என்பது மட்டும். வரியின் முதல் 13 எழுத்தை வெட்டினாலே போதும்.

ப்ரொஃபைலர் காட்டும் நொடிகளை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது, அளப்பதே நிரலை மெதுவாக்கும். அதை எடுத்துவிட்டுத் தனியாக ஓட்டினேன்: 6.1.

மார்ச் 10

இந்த நிரலுக்கு நிஜமான வேலை ராத்திரியில்தான். வெளி டிஸ்க்கில் வரும் புது ஃபைல், நினைவகத்தில் ஒன்றும் இருக்காது. அதே மாதிரி காலி செய்துவிட்டு ஓட்டினேன். ரியல் 40.7, யூசர் 5.2.

வெகுநேரம் அந்த எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த டிஸ்க் நொடிக்கு 50 எம்பிதான் தரும், 2 ஜிபிக்கு 40 நொடி. முன்பு டிஸ்க் அடுத்த துண்டைக் கொண்டுவரும் நேரத்தில் நிரல் தேதியைப் பிரித்துக்கொண்டிருந்தது. இப்போது அதே நேரத்தில் சும்மா இருக்கிறது.

மார்ச் 11

டிஸ்க் தர வேண்டியது குறையட்டும் என்று, ஃபைலைச் சுருக்கும் கருவியான ஜிஜிப்பில் அதைச் சுருக்கினேன். 230 எம்பி. நிரல் விரித்துக்கொண்டே படிக்கிறது, யூசர் 15க்கு ஏறிவிட்டது. ஒவ்வொரு தடவையும் நினைவகத்தைக் காலி செய்து ஐந்து தடவை ஓட்டினேன். ரியல் 16.9 முதல் 17.3 வரை.

எழுதும் இடத்திலேயே சுருக்கி அனுப்பச் சொல்லியிருக்கிறேன். இன்று ராத்திரி அந்த ஃபைலில் ஓட்டப் போகிறேன்.